எட்டாம் பெட்டி

காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், சார். சாக்கில் பட்டுவிடப் போகிறது. உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது. கண்டக்டரும் ஏறும்போதே கேட்டார், "என்ன அண்ணாச்சி, உளுந்து மூட்டையா?" என்று. கம்ப்யூட்டர் என்றேன். "இவ்வளவு பெரிசு இப்பவும் வருதா?" என்றார். வருவதில்லை. விஷயமே அதுதான்.

நீங்கள் ராஜபாளையமா? நான் சிவகிரியில் இறங்குகிறேன். அடிக்கடி மணி பார்ப்பேன், தப்பாக நினைக்காதீர்கள். ஐந்து மணிக்குள் ஒரு காரியம் முடியவேண்டும். இப்போது இரண்டே முக்கால். நாலேகாலுக்குச் சிவகிரி. இறங்கி வாசகசாலைக்கு நடக்க ஐந்து நிமிஷம், பெட்டியை மாட்ட ஐந்து நிமிஷம், அது கண் விழிக்கப் பத்து நிமிஷம். வயசான பெட்டி, அதட்டி எழுப்பினால் முரண்டு பிடிக்கும். எப்படிப் பார்த்தாலும் நாலே முக்காலுக்கு முடிந்துவிடும். வழியில் ஒன்றும் வராமல் இருக்கவேண்டும்.

என்ன காரியம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. சொல்கிறேன், தூரம் கிடக்கிறதே.

தென்காசியில் ஒரு பாலிடெக்னிக்கில் நான் லேப் இன்ஸ்ட்ரக்டர். அது சோற்றுக்கு. பதினோரு வருஷமாக இன்னொரு வேலையும் செய்கிறேன், அதற்குச் சம்பளம் கிடையாது. 'ஓதி' என்று ஒரு மென்பொருள். கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் இருக்கிற தமிழை வாய்விட்டு வாசிக்கும். நானும் ஜெபசிங் என்று ஒரு தம்பியும் சேர்ந்து எழுதியது. நாகர்கோவில் பையன், இப்போது பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். ஓதி இலவசம். இலவசம் மட்டுமில்லை, அதன் மூலநிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கும். யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், தன் பெயரில்கூட வெளியிடலாம். வீட்டுக் கதவைத் திறந்துபோட்டு வைத்திருப்பது மாதிரி. ஆனால் 'ஓதி' என்ற பெயரில் புதுப் பதிப்பு வெளியாகவேண்டுமென்றால் நான் சரி சொல்லவேண்டும். அது எங்கள் ஏற்பாடு.

நான் எப்போது சரி சொல்வேன்? அதற்கு ஒரு விதி இருக்கிறது. எட்டு விதமான கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, சார், புதுசும் பழசுமாக. என் வீட்டு மச்சு அறையில் எட்டுப் பெட்டியும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எட்டிலும் ஓடவேண்டும். நான் ஓட்டிப் பார்த்தால் போதாது. எட்டு ரகத்துக்கும் வெளியே ஒவ்வொரு ஆள் இருக்கிறார், நிஜமாகவே பயன்படுத்துகிறவர். அவருக்கு அனுப்புவேன். அவர் ஓட்டிப் பார்த்து 'ஓடுகிறது' என்று ஒரு வார்த்தை எழுதவேண்டும். எட்டு 'ஓடுகிறது' வந்தால்தான் வெளியீடு. ஏழு வந்தால் இல்லை. ஏழரை வந்தாலும் இல்லை.

எட்டாவது ரகம் இதோ உங்கள் காலடியில் இருக்கிறதே, இதுதான். உள்ளே மூளையாக இருக்கிற பிராசஸர் பதினேழு வருஷத்துக்கு முந்தையது. இதைச் செய்த கம்பெனியே இதை மறந்துவிட்டது. என் வீட்டுக்காரி கோமு இதற்குச் 'சக்களத்தி' என்று பெயர் வைத்திருக்கிறாள். "சக்களத்திக்குச் சாம்பிராணி போட்டாச்சா?" என்பாள். சாம்பிராணி இல்லை, சார். உள்ளே இருக்கிற மின்விசிறி கருகுகிற வாடை.

விதி என்னுடைய பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அதற்குக் காரணம் ஒரு தபால் கார்டு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால், இரண்டாம் பதிப்பு வெளியிட்டபோது பழைய பெட்டிகளை விட்டுவிட்டோம். வேகமாக வேலை முடிந்தது, சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துச் சிவகிரியிலிருந்து கார்டு. சங்கரபாகம் என்று ஒருவர், அங்கே ஒரு சின்ன வாசகசாலை நடத்துகிறார். 'தங்கள் புதிய பதிப்பு எங்கள் பெட்டியில் ஓடவில்லை. இங்கே பார்வையில்லாத மூன்று பேர் தினமும் பேப்பர் கேட்க வருவார்கள். பரவாயில்லை ஐயா, ஏழை வாசகசாலைதானே.' அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

அந்தப் 'பரவாயில்லை'யை நினைத்து எத்தனை நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன் தெரியுமா? பழைய பெட்டி யாரிடம் இருக்கும்? வாங்க வழியில்லாதவனிடம் இருக்கும். அவனை முதலில் கழற்றிவிட்டுத்தானே மற்றவர்கள் வேகமாகப் போகிறார்கள்? நானும் அப்படி ஒரு ஆளா? அன்றைக்குப் போட்ட விதி அது. ஜெபசிங்கும் சரி என்றுதான் சொன்னான். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயசு.

இப்போது நடக்கிற கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஆறாம் பதிப்பு வெளியிட்டோம். எட்டு 'ஓடுகிறது'ம் வந்த பிறகுதான். வெளியான பிறகு, மதுரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஹெப்சிபா டீச்சர் என்று ஒருவர் போன் செய்தார். கண் தெரியாத ஒன்பது பிள்ளைகளை வேலைத் தேர்வுக்குத் தயார் செய்கிறவர். "சார், நாலு விடை இருக்கிற கேள்வியில உங்க ஓதி மூணைத்தான் வாசிக்குது" என்றார். அ வாசிக்கும், ஆ வாசிக்கும், இ வாசிக்கும். ஈ-யை விழுங்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

பார்த்தேன். உண்மைதான். எட்டுப் பெட்டியிலும் ஓடியிருக்கிறது. எட்டிலும் நாலாவது விடையை விழுங்கிக்கொண்டே ஓடியிருக்கிறது. ஒரே மாதிரி. அதில் ஒரு நேர்மை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஒரு பெட்டிக்கும் ஓரவஞ்சனை இல்லை.

டீச்சருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை போனைப் பிடுங்கிக் கேட்டது, "சார், உங்க ஓதிக்கு மூணுக்கு மேல எண்ணத் தெரியாதா?" என்று. டீச்சர் "ஏய் வேணி, சும்மா இரு" என்று அதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு வரவில்லை.

ஜெபசிங் ஒரே நாளில் திருத்தம் எழுதிவிட்டான். எப்போது? ஐப்பசியில். இப்போது மாசி.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? டீச்சரும் இப்படித்தான் பார்த்திருப்பார், போனில் எனக்குத் தெரியவில்லை. திருத்தத்தோடு ஏழாம் பதிப்பை ஏழு பேருக்கு அனுப்பினேன். நாலே நாளில் ஏழு 'ஓடுகிறது' வந்துவிட்டது. எட்டாம் பெட்டி மட்டும் படுத்துவிட்டது. மூலநிரலை இந்தப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றி ஒரு பதிப்பைக் கட்டி முடிக்க இரண்டு நாள் ஆகும், சார். இரண்டாம் நாள் சாயங்காலம், முடியப்போகிற நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். மறுபடியும் முதலிலிருந்து. இதற்கு வேண்டிய கருவிகளையெல்லாம் உலகத்தில் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். நானே ஒவ்வொன்றாகத் தேடி ஒட்டுப்போட்டேன். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. டீச்சர் போன் செய்வார், "சார், எப்ப வரும்?" என்று. "இந்த வாரம் வந்துரும் டீச்சர்" என்பேன். பொய் இல்லை. ஒவ்வொரு தடவையும் நம்பித்தான் சொன்னேன்.

ஜெபசிங் ஒருநாள் கேட்டான், "அண்ணாச்சி, ஏழுக்கு முதல்ல வெளியிட்டுருவோம். எட்டாவதுக்குப் பொறவு தனியாக் குடுப்போம். என்ன குத்தம்?"

"அப்போ சங்கரபாகம் ரெண்டாம் பந்தியா?" என்றேன்.

"இங்க ஒம்பது பிள்ளைங்க பந்திக்கே வரலையே அண்ணாச்சி" என்றான்.

பதில் இருந்தது என்னிடம். அங்கே ஒன்பது, இங்கே ஒருவர் என்று தலையை எண்ண ஆரம்பித்தால், எப்போதும் பெரிய எண்தானே ஜெயிக்கும்? சின்ன எண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? இதைச் சொன்னேன். அவன், "நீங்க சொல்றது எப்பவும் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றான். பாராட்டினான் என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

அவன் நினைத்தால் வேறு பெயரில் தானே வெளியிட்டிருக்கலாம். சட்டப்படி ஒரு தடையும் இல்லை. "அண்ணாச்சி இருக்கும்போது நான் எப்படி" என்று டீச்சரிடம் சொன்னானாம். அதோடு, பிள்ளைகள் எழுதுகிற தேர்வு கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. தேர்வு மையத்தின் பட்டியலில் இருக்கிற பெயர் 'ஓதி'. வெளியிட்ட பதிப்பைத்தான் ஏற்றுவார்கள், சோதனைப் பதிப்பைத் தொடமாட்டார்கள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. இன்று வெள்ளி. இன்று மாலை ஐந்து மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். அதற்குள் ஏழாம் பதிப்பு வெளியானால் அது. இல்லையென்றால் மூன்று வரைக்கும் எண்ணத் தெரிந்த ஆறாம் பதிப்பு.

இப்போது தெரிகிறதா ஏன் மணி பார்க்கிறேன் என்று? கடையநல்லூர் தாண்டியாயிற்றா? தாண்டியாயிற்று. நல்லது.

தை மாதம் இந்தப் பெட்டியில் ஓதி ஓடிவிட்டது, சார்! விடிகாலையில் திடீரென்று வாயைத் திறந்து வாசிக்கிறது. நாலு விடையும் வாசிக்கிறது. நான் கோமுவை எழுப்பிக் காட்டினேன். "சரி, இனிமே கட்டில்ல வந்து படுங்க" என்றாள். உடனே சங்கரபாகத்துக்கு அனுப்பினேன். மற்ற நாளில் அவர் பதில் எப்படி வரும் தெரியுமா? காலையில் அனுப்பினால் மத்தியானம் வந்துவிடும். 'ஓடுகிறது. நன்றி.' எப்போதும் இதே இரண்டு வார்த்தை. எட்டுப் பேரில் அவர்தான் வேகம். இந்தத் தடவை ஆறாம் பதிப்பில் சூடுபட்டிருந்ததால், மற்ற யாரிடமும் கேட்காத ஒன்றை அவரிடம் கேட்டேன். 'ஓதி வாசிக்கிறது திரையின் அடியில் எழுத்தாகவும் வருமே, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், நாலு விடையும் வருகிறதா என்று பார்க்கவேண்டும்' என்று.

பதிலே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். நானே போன் போட்டேன். "அண்ணாச்சி... அதை எப்படிச் சொல்ல... பெட்டி புகைஞ்சு போச்சு" என்றார். "எப்ப?" என்றேன். "இப்பத்தான். போன வாரம். விட்டுத் தள்ளுங்க அண்ணாச்சி, அதுக்கு ஆயுசு அவ்வளவுதான். நீங்க எங்களுக்காக ஒண்ணும் நிறுத்தி வைக்காண்டாம்" என்றார். குரலில் ஒரு நிம்மதி மாதிரி இருந்தது. வருத்தத்தை வெளியே காட்டாதவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். பின்னால் ஓதியின் குரல் கேட்டது, பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தது. அது போனில் ஓடுகிற ஓதி. அவசரத்துக்கு யாராவது ஒரு போனைக் கொடுத்திருப்பார்கள், பாவம்.

அப்புறம் தினமும் யோசனைதான். எட்டாவது ஆள் இல்லை. எட்டாவது 'ஓடுகிறது' இல்லை. வெளியிடலாமா? விதியை நானே மீறினால் பதினோரு வருஷத்துக்கு என்ன அர்த்தம்? நேற்று ராத்திரி திடீரென்று ஒரு வழி தோன்றியது. அவர் பெட்டி போய்விட்டது, என் பெட்டி இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் என்ன? அவருக்கும் பெட்டி, எனக்கும் 'ஓடுகிறது'. அரை நாள் லீவு போட்டேன். கோமுதான் சாக்கைத் தைத்தாள். இதுவரைக்கும் என்னோடு எங்கேயும் போவதற்கு இவ்வளவு உற்சாகமாக அவள் மூட்டை கட்டியதில்லை.

சங்கரபாகத்திடம் சொல்லவில்லை. சொன்னால் 'வேண்டாம்' என்பார். அவர் குணம் அது. நேரில் போய் நின்றால் மறுக்க முடியாது.

ஏன் வண்டி நிற்கிறது? புளியங்குடிதானே இது? என்ன கண்டக்டர்? எலுமிச்சை லாரியா? ரோட்டுக்குக் குறுக்கே பழம் கொட்டிவிட்டதாம், சார். பாருங்கள், எவ்வளவு பேர் பொறுக்குகிறார்கள் என்று. மணி மூன்று நாற்பது. பரவாயில்லை. பத்து நிமிஷத்தில் விட்டுவிடுவார்கள்.

விடவில்லை. நாலு மணி.

ஜெபசிங்குக்கு நான் ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். 'வெளியிடலாம்.' அவன் பெங்களூரில் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த ஒரு வார்த்தை இதோ இந்தப் போனில் அடித்து வைத்திருக்கிறேன். பார்த்தீர்களா? அனுப்பவில்லை. அடித்து மட்டும் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடியும் அடித்தேன், எழுத்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று.

வண்டி கிளம்பிவிட்டது. நாலு பதினைந்து.

இருங்கள், அவன்தான்.

சொல்லு தம்பி... பஸ்ஸிலதான்... புளியங்குடில மாட்டிக்கிட்டோம்... வரும், நாலே முக்காலுக்குச் சிவகிரி... டீச்சர் அழுதாங்களா? ஏன் அழணும்? இன்னும் நேரம் இருக்குல்லா... என்னது? நீ எதுக்கு அவருக்குப் போன் பண்ணின?... என்ன சொன்னாரு?... ம்... ம்... யாரு சொன்னா?... சரி... சரி, வையி.

ஒன்றுமில்லை, சார்.

ஒன்றுமில்லை. சங்கரபாகத்துக்கு இவன் போன் பண்ணியிருக்கிறான். அந்தப் பெட்டி மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். இப்போது வாசகசாலையில் எல்லாரும் போனில்தான் கேட்கிறார்களாம். "அண்ணாச்சி நமக்காக இவ்வளவு பாடுபடுறாரு, இல்லைன்னு எப்படிச் சொல்ல, மனசு சங்கடப்படும்லா" என்று அவர் சொன்னாராம்... இவன் சொல்கிறான். சின்ன வயசிலிருந்தே அவசரக்காரன். போனில் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தானே நிரப்பிக்கொள்வான்.

மூன்று வருஷம் என்றால் நாலாம் பதிப்பு, ஐந்து, ஆறு. மூன்று தடவை 'ஓடுகிறது. நன்றி' வந்திருக்கிறது. ஐந்தாம் பதிப்பை எட்டாம் பெட்டிக்காக ஐந்து மாதம் நிறுத்தி வைத்தேன். அப்போதும் யாராவது காத்திருந்திருப்பார்கள். ஹெப்சிபா டீச்சர் மாதிரி. போன் நம்பர் தெரியாத டீச்சர்கள். அப்படியென்றால் நான்...

வேண்டாம். இப்போது அதை யோசிக்க நேரமில்லை. மணி நாலரை.

வாசுதேவநல்லூரில் இவ்வளவு நேரம் ஏன் நிற்கிறான்? ஏறுகிறவர்கள் ஏறியாயிற்றே. கண்டக்டர்! விசில் கொடுங்கள்!

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள். அனுப்பிவிடு என்றுதானே சொல்வீர்கள்? எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கும் தெரியும் அது. அந்த வேணி என்கிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அ, ஆ, இ என்று கேட்டுவிட்டு, நாலாவது எங்கே என்று தேடும். எனக்குத் தெரியாதா? ஆனால் எட்டு வராமல் வெளியிட்டவன் என்று ஆகிவிட்டால், அப்புறம் நான் எதை வைத்து வேண்டாம் என்று சொல்வேன்? யாரிடம் சொல்வேன்?

நாலு நாற்பத்தாறு. இன்னும் சிவகிரி போர்டுகூடக் கண்ணில் படவில்லை.

இருங்கள். மெசேஜ்.

சங்கரபாகம்.

வாசிக்கிறேன், கேளுங்கள். 'ஐயா, ஏழாம் பதிப்பு எட்டாம் பெட்டியில் ஓடுகிறது. நான்கு விடையும் வருகிறது. நன்றி.'

போட்டோ இல்லை.

பெட்டி இங்கே இருக்கிறது. இந்தச் சாக்கில். உங்கள் காலடியில். அவருடையது... அவருடையது எங்கே இருக்கிறதோ.

சங்கரபாகம் பொய் சொல்கிற மனுஷன் இல்லை, சார். ஒன்பது வருஷப் பழக்கம். வேறு பெட்டி ஏதாவது வாங்கியிருப்பார். இரும்புக் கடையிலிருந்து திரும்பி வாங்கியிருப்பார். நடக்காதா? நடக்கும். எழுதிக் கொடுத்திருக்கிறாரே, மனுஷன் எழுத்தை நம்பாவிட்டால் அப்புறம் எதை நம்புவது? ஏழு பேரையும் அப்படித்தானே நம்பினேன், யாரிடமாவது போட்டோ கேட்டேனா? எட்டு 'ஓடுகிறது' வந்துவிட்டது. விதி என்ன சொல்கிறது? எட்டு வந்தால் வெளியீடு.

அனுப்பிவிட்டேன்.

போய்விட்டதா? இரண்டு டிக் விழுந்துவிட்டது. நீங்களும் பார்த்தீர்கள்தானே? நாலு ஐம்பத்தொன்று. ஜெபசிங் பதில் போட்டுவிட்டான்: 'போயாச்சு அண்ணாச்சி. டீச்சருக்குச் சொல்லிட்டேன். மையத்துல ஏத்துறாங்க.' பக்கத்தில் ஒரு பொம்மை போட்டிருக்கிறான், சிரிக்கிறதா அழுகிறதா என்று கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை.

பார்த்தீர்களா, சார்? விதியும் மீறவில்லை, பிள்ளைகளுக்கும் நாலு விடை. கொஞ்சம் பொறுத்தால் எல்லாம் தானாக நடக்கும். இவன்தான் ஐப்பசியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தான்.

சிவகிரி வந்துவிட்டது. இறங்கினதும் அடுத்த வண்டி பிடித்துத் திரும்பிப் போகலாம்தான். ஆனால் எட்டாம் பதிப்புக்கு அவருக்கு ஒரு பெட்டி வேண்டாமா? அதிலும் அவர் ஓட்டிப் பார்த்துச் சொல்லவேண்டுமே. என்னைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நான் இப்போதே நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள், சார். மெதுவாக, மெதுவாக. படியில் இடித்துவிடக் கூடாது. ஓடுகிற பெட்டி.